இழப்புக்குப் பின் அன்றாடம்

1. இரு வேலைகள்

இறப்பு நேர்ந்த வீட்டில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒன்று, போனவரை நினைத்து அழுவது. மற்றொன்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது, வங்கிக் கணக்கை மாற்றுவது, பால் கணக்கு முடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. முதலாவதுதான் துக்கம், இரண்டாவது அதற்கு இடையூறு என்பது பொதுவான எண்ணம். கடந்த நூறாண்டு ஆய்வின் போக்கோ, மனம் தேறுவதற்கு இரண்டுமே வேண்டும் என்ற முடிவை நோக்கியே வந்திருக்கிறது.

2. ஆய்வு கடந்துவந்த வழி

இறந்தவர்மேல் வைத்த பற்றை ஒவ்வொரு நினைவாக எடுத்து மனம் விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917இல் வெளியான கட்டுரையில் பிராய்டு எழுதினார். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைக் கூறினார். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்டவை அவை. பிற்பாடுதான் உறவை இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டன. ஆனால், துக்கம் இப்படிப் படிப்படியாக ஏறி முடிவதில்லை. காலையில் ஏற்றுக்கொண்ட மனம், அலமாரியில் மடித்து வைத்த சட்டையைப் பார்த்ததும் மாலையில் உடைந்துபோகிறது.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் இந்த ஊசலாட்டத்தையே கோட்பாடாக வகுத்தனர். மனம் சிறிது நேரம் இழப்பின் பக்கமும், சிறிது நேரம் வாழ்க்கையைச் சீர்செய்யும் பக்கமும் போய்வருகிறது. சமையலிலோ கடைவேலையிலோ மூழ்கிய ஒரு மணி நேரம் துக்கத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. எந்நேரமும் அழுவதும் அழுகையை முழுதாக அடக்குவதும் இந்தப் போக்குவரத்தைத் தடுப்பவை.

3. சிரிப்பு

துக்கத்தில் இருப்பவர் சிரித்துவிட்டால், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் உடனே வருகிறது. டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கூச்சத்துக்கு விடை தருகிறது. துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதம் ஆனவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசியபோது அவர்களுடைய முகம் கவனிக்கப்பட்டது. உதடு மட்டும் விரிந்த மரியாதைப் புன்னகை கணக்கில் சேரவில்லை. கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் உண்மைச் சிரிப்பே அளவிடப்பட்டது. அப்படிச் சிரித்தவர்களிடம் மன உளைச்சல் குறைவாக இருந்தது. பிறரோடான உறவும் சீராக இருந்தது.

4. தமிழ் வழக்கின் இரு முகங்கள்

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் பக்கத்து வீட்டாரும் சோறு கொண்டுவருவார்கள். ஒப்பாரி அழுகைக்கு இடம் தருகிறது. பல சமூகங்களில் பதினாறாம் நாள் கருமாதியோடு எண்ணெய்க் குளியலும், சம்பந்தி வீட்டார் கொண்டுவரும் புதுத்துணியும், விருந்தும் சேர்ந்துகொள்கின்றன. முதல் வருடம் பண்டிகை கொண்டாடாத வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் உறவினர் வீட்டிலிருந்து வருகிறது. இப்படி அழவும் மீளவும் வழக்கம் நாள் குறித்துக் கொடுக்கிறது.

அதே வழக்கம் கணவனை இழந்த பெண்ணுக்குப் பூ, பொட்டு, வண்ணச் சேலை, மங்கல நிகழ்ச்சிகளில் முன்நிற்கும் உரிமை ஆகியவற்றை மறுத்தது. ஆணுக்குப் பதினாறாம் நாள் திறந்த கதவு, அவளுக்கு அன்றே அடைபட்டது. இன்று பல குடும்பங்களில் இந்தக் கட்டு தளர்ந்துவருகிறது.

5. மாறும் பார்வை

பேரிழப்புக்குப் பிறகு சிலரிடம் ஏற்படும் மாற்றங்களை ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990களில் தொகுத்தனர். சிறியவற்றின் அருமை தெரிவது, உறவுகள் நெருங்குவது, தன் பலம் புரிவது, புதிய வழிகள் தோன்றுவது, ஆன்மிக நாட்டம் ஆழ்வது ஆகியவை அவை. இவை வேதனையோடு கூடவே இருக்கும். எல்லோருக்கும் வந்தாக வேண்டும் என்பதுமில்லை.

நடைமுறையில், விருப்பம் பிறக்கும்வரை காத்திராமல் சிறு செயல்களைத் தொடங்குவது பயன் தருகிறது. நேரத்துக்குச் சாப்பாடு, மாலை நடை, செடிக்குத் தண்ணீர் என்று ஆரம்பித்தால் போதும். இறந்தவருக்குப் பிடித்த குழம்பை வைப்பதும், அவர் அடித்த கிண்டலைப் பேரப்பிள்ளைக்குச் சொல்வதும் அவரோடான உறவை வேறு வடிவில் தொடரச் செய்கின்றன.

6. உதவி தேவைப்படும் நிலை

பெரும்பாலோர் சிகிச்சையின்றியே தேறுகின்றனர். ஆறு மாதத்துக்கு மேலும் கடும் ஏக்கம் தணியாமல் அன்றாட வேலைகளே முடங்கிக் கிடந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வகைப்படுத்துகிறது. அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கத்தை மீறிய நிலையா என்பதும் பார்க்கப்படுகிறது. இந்நிலைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மனநல மருத்துவரின் உதவி அவசியம். தற்கொலை எண்ணம் வந்தால் மாதக்கணக்குப் பார்க்காமல் உடனே நாட வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.