காத்திருந்த நாட்களில் கட்டிய ஆன்டெனா

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். இந்த மாதிரி விழாக்களில் வேலை, வெளிநாடு, சொந்தத் தொழில் என்றுதான் பேசுவோம். நான் புற்றுநோயைப் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன். நடுவில் சிரிக்கவும் இரண்டொரு இடம் உண்டு.

நான் 2010-ல் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவன். அப்போது நம் கல்லூரி மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் ஹாம் ரேடியோ கிளப் இருந்தது. தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் கருவியில் ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசுகிற பொழுதுபோக்கு இது. வெறும் அரட்டை என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, ஹாம் ஒலிபரப்புக்காக போர்ட் பிளேயர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும், அங்கிருந்தே செய்திகளைப் பரிமாறி எத்தனையோ குடும்பங்களுக்கு உதவினார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் சீனியர்கள் இங்கே கிளப் ஆரம்பித்தார்கள்.

படிப்பு முடிந்தது. கிளப்பில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். ஒருவன் ஓசூர், ஒருவன் திருநெல்வேலி, ஒருவன் கோவை, ஒருவன் பெங்களூரு, நானும் இன்னொருவனும் சென்னை. ஆனாலும் காலை ஆறரைக்கு 40 மீட்டர் பேண்டில் கூடுவதை மட்டும் விடவில்லை. கல்யாணம், குழந்தை, ஷிப்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த இருபது நிமிஷம் எங்களுடையது.

2022 ஆகஸ்டில் ஒரு நாள் கோவைக்காரன் கேட்டான்: "மாப்ளே, மைக் மாத்திட்டியா? ஆடியோ கரகரன்னு வருது." மைக்கைப் பார்த்தேன், கேபிளைப் பார்த்தேன், கனெக்டரைக் கழற்றி மறுபடி பற்ற வைத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது வாரமும் கரகரப்பு போகவில்லை. திருநெல்வேலிக்காரன் சொன்னான்: "கருவியில கோளாறு இல்லேன்னா ஆள்லதான்டே இருக்கு. நாளைக்கே டாக்டரைப் பாரு."

மறுநாளே பார்த்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, இடது பக்கக் குரல் நாண் சோம்பலாக அசைகிறது என்றார். பிறகு கழுத்தில் அல்ட்ராசவுண்ட், ஊசியால் செல் எடுத்துச் சோதனை. தைராய்டு சுரப்பியில் புற்றுநோய்.

என் கரகரப்பை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கூடவே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது தெரியாது. முகமே பார்க்காமல், குரலை மட்டும் வருடக்கணக்காகக் கேட்டவர்களுக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் உடற்கூறு சொல்லியாக வேண்டும். தைராய்டு கழுத்தின் முன்பக்கத்தில் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும். அதன் பின்புறமாக, பக்கத்துக்கொன்றாக இரண்டு நரம்புகள் குரல்வளைக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். இதில் இடது நரம்பு செய்கிற வேலையைக் கேளுங்கள்: மூளைப் பக்கமிருந்து வருவது நேராகக் குரல்வளைக்குப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. எந்த கான்ட்ராக்டராவது இப்படி கேபிள் இழுத்தால் நாம் பில் பாஸ் பண்ணுவோமா?

அந்த நரம்பைத்தான் என் கட்டி தொட்டுக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: "சுரப்பி முழுவதையும் எடுக்க வேண்டும். கட்டியை நரம்பிலிருந்து சீவி எடுக்கப் பார்ப்பேன். உள்ளே புகுந்திருந்தால் நரம்பையும் எடுக்க வேண்டிவரும். அப்போது குரல் பழையபடி இருக்காது."

அறுவைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. நோயை விடக் கொடுமை காத்திருப்பது. பகலில் ஆபீஸ் இருக்கிறது. இரவில் என்ன செய்வது? என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் என் குரலை ஞாபகம் வைத்திருப்பாளா என்று கணக்குப் போட்டபடி கிடப்பேன்.

பார்க்க வந்த உறவினர்கள் நல்லவர்கள்தான். ஒருவர் மூலிகைச் சாறு சொன்னார், ஒருவர் பரிகாரம் சொன்னார், ஒருவர் என்னைப் பார்த்ததும் அழுதார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன்.

நண்பர்கள் வந்தது வேறு மாதிரி. முதல் சனிக்கிழமை ஓசூர்க்காரன் ஒரு சுருள் செம்புக் கம்பியோடு வந்து இறங்கினான். "உன் ஆன்டெனா பழசாயிடுச்சு, புதுசு கட்டணும்" என்றான். இங்கே படிக்கும் தம்பிகளுக்குக் கணக்கு தெரியும்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். மூன்று வார இறுதிகள் மொட்டைமாடியில் குழாய் நட்டோம், கம்பி இழுத்தோம், வெட்டி வெட்டி அளந்தோம். வேலை நடுவில் அவனாக நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்டான். நான் நிறுத்தினால், "அந்த ஸ்பேனரை எடு" என்றான். அந்த மொட்டைமாடியில் நான் நோயாளி இல்லை, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள். இதை எந்த ஆறுதல் வார்த்தையாலும் தர முடியாது.

மற்றவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவன் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கினான். ஒருவன் இன்ஷூரன்ஸ் படிவங்களைப் பார்த்துக்கொண்டான். சென்னை நண்பன் கார். அவன் மனைவி என் மகளைப் பார்த்துக்கொண்டார். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று யாரும் சொல்லவில்லை. எது வேண்டும் என்று யோசிக்கிற வேலையைக்கூட எனக்கு வைக்கவில்லை.

குரல் விஷயத்திலும் "ஒண்ணும் ஆகாது" என்று ஒருவனும் பொய் சொல்லவில்லை. பெங்களூர்க்காரன் சொன்னது இதுதான்: "குரல் போனா மோர்ஸ் இருக்கு. இன்னைலேர்ந்து பழகு." கல்லூரியில் தேர்வுக்காகக் கற்றுப் பாதி மறந்துபோன மோர்ஸை, இரவு பத்துக்கு மேல் அவன் அனுப்ப அனுப்ப மறுபடி கற்றேன். நிமிஷத்துக்கு ஐந்து சொல்லில் தொடங்கி, அறுவைக்கு முந்தைய வாரம் பன்னிரண்டுக்கு வந்துவிட்டேன். மகளைப் பற்றிக் கணக்குப் போட்ட நேரம் அப்படிப் போயிற்று.

அறுவை நாலரை மணி நேரம். நரம்பைக் கண்டறிய லேசான மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற கருவி உண்டு. நரம்பு வேலை செய்தால் 'பீப்' என்று ஒலி வரும். இதைக் கேட்ட திருநெல்வேலிக்காரன், "அப்ப டாக்டரும் நம்ம ஆளுதான்" என்றான். கட்டியைச் சீவி எடுத்துவிட்டார்கள், நரம்பு தப்பியது. ஆனால் களைத்துப்போன நரம்பு. கண் விழித்தபோது என்னிடமிருந்து வந்தது குரல் இல்லை, வெறும் காற்று.

வார்டில், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பயிற்சிக் கருவியையும் சாவியையும் கையில் கொடுத்தார்கள். ஹெட்போனின் ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் நண்பனுக்கு. முதலில் நான் அடித்தது, "காபி கிடைக்குமா?" மறுநாள் சாவியைத் தட்டும்போது விரல் நுனிகளில் மரமரப்பு. உதட்டைச் சுற்றியும் அதே. நர்ஸ் அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அறுவையில் அவை அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். எனக்குக் குறைந்திருந்தது. உடனே சரி செய்தார்கள்.

பிறகு கதிரியக்க அயோடின் சிகிச்சை. அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் உப்பு, பால், தயிர், மீன் எதுவும் கூடாது. சென்னை நண்பனின் தாயார் அயோடின் சேர்க்காத கல் உப்பில் தனியாகச் சமைத்துக் கொடுத்தார். சிகிச்சையின்போது மூன்று நாள் தனியறை. நம் உடம்பிலிருந்தே கதிர்வீச்சு வரும், யாரும் பக்கத்தில் வரக்கூடாது. உள்ளே போகும் பொருளைத் திரும்ப எடுத்துவர முடியாமல் போகலாம் என்றார்கள். அதனால் இருநூறு ரூபாய்க்குள் இன்னொரு பயிற்சிக் கருவி செய்து கொடுத்தார்கள். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் பக்கத்தில் வைத்துத் தட்டுவேன். வெளியே நண்பர்கள் படித்து என் அம்மாவுக்குச் சொல்வார்கள். மூன்றாம் நாள் அம்மாவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஹாம்கள் விடைபெறும்போது 73 என்பார்கள், அன்பான வாழ்த்துகள் என்று பொருள். மோர்ஸில் இரண்டு நெடில், ஆறு குறில், இரண்டு நெடில் போலக் காதில் விழும். அந்தத் தாளம் கேட்டதும், "முடிச்சுட்டான், தூங்கப் போறான்" என்பாராம்.

நாலு மாதம் குரல் பயிற்சிக்குப் பிறகு வந்ததுதான் இப்போது நீங்கள் கேட்பது. பழைய குரல் இல்லை, கத்திப் பேச முடியாது. என் மகள் இந்தக் குரலில்தான் கதை கேட்கிறாள். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை. இதுவரை நன்றாக இருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது அறுவை மருத்துவரின் கைகள். நட்பு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைகளிடம் என்னைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்ததும், காத்திருந்த நாட்களில் நான் உடைந்துபோகாமல் பார்த்துக்கொண்டதும் நண்பர்கள். அவர்களை என்னோடு கட்டி வைத்தது ஒரு பொழுதுபோக்கு.

அதனால் தம்பி தங்கைகளே, மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: குரல் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

இரண்டு: மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாத ஒன்றை, நாலு பேரோடு சேர்ந்து, கையால் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ரேடியோவோ, கேரமோ, நாடகமோ, பறவை பார்ப்பதோ, எதுவானாலும் சரி. தனியாகச் செய்தால் பொழுது போகும். சேர்ந்து செய்தால் ஆள் சேரும்.

மூன்று: நண்பனுக்குப் பெரிய நோய் என்று கேள்விப்பட்டால், என்ன பேசுவது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிடாதீர்கள். பேச ஒன்றும் வேண்டாம். ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவனையும் அதில் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் 73.