அரணும் சுரங்கமும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



திரௌபதை அம்மன் சந்நிதியிலே பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரக்கு மாளிகை எரிந்தபோது பாண்டவரும் குந்தியும் தப்பியது எவ்வாறு? விதுரர் அனுப்பிய ஒருவன் நிலத்தைக் குடைந்து வழி செய்தான். அவன் பெயரைக் கதை சொல்லவில்லை; மண் அகழ்பவன் என்பதோடு விட்டுவிடுகிறது. சுரங்கப் போரைப் பற்றிப் பேச எழுந்த நமக்கு அவன் நினைவே முதலில் வந்தது.

மிஷன் பள்ளியிலே, எக்காள ஓசையில் எரிகோ மதில் விழுந்த கதையையும் படித்தோம். ஆயினும் உலகில் பல மதில்கள் ஓசையின்றி அடியிலிருந்தே விழுத்தப்பட்டன. அத்திவாரத்தின் கீழே குடைந்து மரமுட்டுக் கொடுப்பர். பின் முட்டுகளுக்குத் தீ வைப்பர். அவை எரிய மதில் சரியும். 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜோன் மன்னன், அந்தத் தீயை வளர்க்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பும்படி கட்டளையிட்டான்! உள்ளிருப்போரும் வாளாவிருக்கவில்லை. பறையின் தோல்மேல் தானியமணிகளைப் பரப்பி, அவை துள்ளினால் கீழே வெட்டுகிறார்கள் என அறிந்து எதிர்ச்சுரங்கம் வெட்டினர். வெடிமருந்து வந்தபின் முட்டுக்குத் தீ வைக்கும் வேலை குறைந்தது. மருந்தே மதிலைத் தூக்கி எறிந்தது.

இதன் கொடுமையை அறிய இராசபுதனத்துச் சித்தூருக்குச் செல்லவேண்டும். 1567 ஒக்டோபரில் அக்பர் அக்கோட்டையை முற்றுகையிட்டார். அது மலைமேல் உள்ள கோட்டை. எனவே எருமைத்தோற் கூரையிட்ட மூடுபாதை ஒருபுறம் கட்டப்பட்டது. மறுபுறம் மதிலடியில் அருகருகே இரண்டு சுரங்கங்கள் வெட்டப்பட்டன. மூடுபாதை கட்டிய கூலியாட்களுள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பேர் மாண்டனர் என்றும், அவர்களுக்குப் பொன்னும் வெள்ளியும் வாரி வழங்கப்பட்டன என்றும் அபுல் பசல் எழுதுகிறார். பெற்ற பொன்னை எத்தனை பேர் வீடு கொண்டு சேர்த்தார்களோ!

டிசம்பர் 17ஆம் நாள் சுரங்கங்கள் மருந்தால் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்றில் 120 மணங்கு, மற்றதில் 80 மணங்கு என்பர். இரண்டும் ஒருங்கே வெடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு திரி முந்தி எரிந்தது. மதில் பிளந்தது. காத்திருந்த வீரர்கள் எல்லாம் வெடித்து முடிந்ததென்று எண்ணிப் பிளவினுள்ளே பாய்ந்தனர். அப்பொழுதுதான் இரண்டாவது வெடித்தது. அக்பரின் படையிலே ஏறத்தாழ 200 பேர், தம்மவர் வைத்த மருந்துக்கே இரையாயினர். இக்காட்சியை மிஸ்கினா என்னும் அரசவை ஓவியர் அமைத்த படம் லண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. வென்ற அரசனின் புகழ்நூலுக்கு வரைந்த படத்தில், தம் படை சிதறியதை மறையாது காட்டினார்களே, அதை நாம் மெச்சுகிறோம்.

1568 பெப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. பின்னர் உள்ளிருந்த குடிமக்களுள் சுமார் 30,000 பேர் கொல்லப்பட்டனர். அக்பரின் பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.

நம் மட்டக்களப்புக் கோட்டைக்குச் சுரங்கத்தால் அழிவு நேரவில்லை. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் எழுப்பிய அக்கோட்டையை வாவி தழுவிக் கிடக்கிறது. சில முழம் தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில் சுரங்கம் வெட்டுவது எங்ஙனம்? 1638 மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து பீரங்கி கொண்டே அதனைக் கைப்பற்றினர்.

எனினும் மண்ணுள் வெடி புதைக்கும் வழக்கம் பிற்காலத்தில் நம்மிடமும் வந்தது. ஆங்கிலத்தில் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் 'மைன்' என்பதே பெயர். புதைத்தவன் போனபின்னும் அது காத்திருக்கும். 1917 ஜூன் 7இல் பெல்ஜியத்தின் மெசின் மேட்டின் கீழ் 19 சுரங்கங்களை பிரித்தானியர் வெடிக்கவைத்தனர். வெடிக்காது விடப்பட்டவற்றுள் ஒன்று 38 ஆண்டுகள் கழித்து, 1955இல், மின்னல் தாக்கி வெடித்தது. மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று மாண்டது.

மட்டக்களப்பு மாவட்டம் 2017ஆம் ஆண்டிலே கண்ணிவெடி அற்றதென அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் ஆண்களும் பெண்களும் வெயிலில் முழந்தாளிட்டு, அடி அடியாக மண்ணைத் துழாவினார்கள். அவர்களுடைய பெயர்களும் நமக்குத் தெரியா.