ஆரோக்கியப் பச்சையும் அறிவுடைமையும்



கவிதை பேசும் அவையில் காப்புரிமைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் கண்டறிந்தவற்றைத் தொழில் நிறுவனங்களுக்கு ஒப்படைப்பதைத் தொழில்நுட்பக் கைமாற்றம் என்பர். பொருளியலாரும் வழக்கறிஞரும் புழங்கும் வறண்ட சொற்றொடர் அது. ஆயினும் அதனுள் ஒரு பழைய கேள்வி ஒளிந்து கிடக்கிறது. வாய்மொழியாக வழங்கிய ஒன்றை எழுத்தில் பதித்தவருக்கே அது உடைமையாகிவிடுமா என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேட அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. பொதிகை மலைக்குச் சென்றால் போதும்.

குறுமுனிவன் உறைவதாகத் தமிழர் நம்பிவந்த அகத்தியமலை இன்று தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கிறது. கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறு பிறக்கிறது. இருபுறத்துக் காடுகளிலும் காணிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். காணி என்னும் தமிழ்ச்சொல் நிலத்தின் மீதான வழிவழி உரிமையைக் குறிப்பது. அவர்களுக்கு அப்பெயர் வந்த காரணம் எதுவாயினும், நிலவுரிமையைப் பெயரில் மட்டுமே தாங்கி நிற்கும் மக்கள் என்று அவர்களைச் சொல்வதில் பிழையில்லை. அவர்களுடைய ஊர்த்தலைவர் மூட்டுக்காணி; மருத்துவர் பிலாத்தி. நோய் தீர்க்கும் சடங்கில் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, இரவெல்லாம் சாற்றுப் பாட்டுப் பாடுவர். ஏடு கிடையாது, எழுதி வைத்தவரும் இல்லை. நினைவும் நாவுமே அவர்களுடைய நூலகம்.

1987ஆம் ஆண்டு, பழங்குடியினரின் தாவர அறிவைத் திரட்டும் அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்தின் சார்பில், பி. புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலார் குழு ஒன்று அம்மலையின் கேரளப் பகுதியில் ஏறிற்று. வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் காணி இளைஞர்கள். ஏற்றத்தில் அறிவியலார் களைத்துச் சாய, வழிகாட்டிகள் களைப்பின்றி நடந்தனர். இடையிடையே ஒரு சிறு செடியின் கனியை அவர்கள் மென்று வந்ததைக் குழுவினர் கவனித்தனர். தாமும் உண்டு பார்த்தனர். சோர்வு நீங்கியதாக உணர்ந்தனர். அச்செடி எது என்று கேட்டபோது இளைஞர்கள் உடனே சொல்லவில்லை. அது வெளியாருக்குச் சொல்லலாகாத குலச் செய்தி. பலமுறை வேண்டிய பின்னரே காட்டிக் கொடுத்தனர். செடியின் பெயர் ஆரோக்கியப் பச்சை.

அச்செடி தாவரவியலாருக்குப் புதியதன்று. டிரைகோபஸ் செய்லானிகஸ் என்று அவர்கள் முன்பே பெயரிட்டிருந்தனர். பொதிகைச் செடியைத் திராவன்கோரிகஸ் என்னும் துணையினமாகப் பிரித்தும் வைத்திருந்தனர். இனப்பெயரில் இலங்கை இருக்கிறது. துணையினப் பெயரில் திருவிதாங்கூர் இருக்கிறது. செடியின் பயனை அறிந்திருந்த காணிகள் எதிலும் இல்லை.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில், 1979இல் கேரள அரசு நிறுவிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு தொடர்ந்தது. காணிகள் உண்டது கனி. ஆய்வகமோ இலையிலும் பயனுள்ள வேதிப்பொருள்கள் இருப்பதைக் கண்டது. அவ்விலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் இதுவே எல்லாம். கனியிலிருந்து இலைக்கு மாறியதும், இலையோடு பிற மூலிகைகள் சேர்ந்ததும், செய்முறை எழுத்தில் அமைந்ததும் ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு ஆகின்றன. மலைப்பாதையில் காட்டிக் கொடுத்த அந்தக் கை அச்செய்முறையில் எங்கும் தென்படாது. ஆனால் அந்தக் கை சுட்டாதிருந்தால் ஆய்வகம் அச்செடியைச் சோதித்திருக்கப் போவதில்லை.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். தொகுத்தவர் பெயர் அட்டையில் இடம்பெறுகிறது. பாடிய மூதாட்டியின் பெயர் பின்னிணைப்பில் வந்தால் அது அவருடைய நல்லூழ்.

ஜீவனியின் கதை இங்கே வழக்கமான தடத்திலிருந்து விலகுகிறது. இது பேசத்தக்கதாவதும் அதனால்தான். 1990களின் நடுவில் மருந்தைச் செய்து விற்கும் உரிமம் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணிகளுக்கு அளிப்பது என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. பல்லுயிர்ப் பெருக்க உடன்பாடு 1992இல்தான் ரியோ நகரில் கையெழுத்தாகியிருந்தது. அதனைச் செயற்படுத்தும் இந்தியச் சட்டம் 2002இல்தான் வந்தது. ஆகவே சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில், ஒரு நிறுவனம் தன் மனச்சான்றின்படி செய்த பங்கீடு இது. உலக அரங்குகளில் இது முன்மாதிரியாக எடுத்துரைக்கப்பட்டது, அப்புகழ் தகுதியானதே.

பணம் தயாராயிற்று, பெறுவது யார்? காணிகள் ஒரே ஊரினர் அல்லர். குடியிருப்புகள் பல, மூட்டுக்காணிகளும் பலர். 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவாயிற்று. 1999இல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. செய்தி சொன்ன இளைஞர்களுக்கும் டிரஸ்ட் ஒரு தொகை வழங்கிச் சிறப்பித்தது. ஆனால் குட்டிச்சல் பகுதியினரை மையமாகக் கொண்டே எல்லாம் நிகழ்ந்தது, தங்களை எவரும் கேட்கவில்லை என்று விதுரை, பெரிங்ஙம்மலைப் பகுதிக் காணிகள் குறைகூறினர். குலமருத்துவர்களான பிலாத்திகளின் வருத்தம் வேறு வகையினது. காக்க வேண்டிய மறைபொருளை விற்பதற்கு இளைஞர் இருவர் மூவருக்கு உரிமை உண்டா என்பது அவர்கள் கேள்வி. சமுதாயம் என்று ஒருமையில் எழுதுவது ஒப்பந்தத்துக்கு வசதியானது. காட்டில் அந்த ஒருமை கிடையாது.

பெரிய தடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. மருந்துக்கு இலை வேண்டும். காட்டு நிழலில் வளரும்போதே அச்செடியின் மருத்துவக் குணம் நன்கு அமைவதாக ஆய்வாளர் கண்டனர். வேரைத் தொடாமல் இலையைக் கொய்தால் செடி மீண்டும் தழைக்கும். காணிக் குடும்பங்கள் பயிரிட்டு இலை தரத் தொடங்கின. உரிமைத்தொகையைக் காட்டிலும் உடனடி வருவாய் அதில்தான் இருந்தது. வனத்துறை அதனை நிறுத்திற்று. பயிர் என்ற பெயரில் காட்டுச் செடிகள் வேரோடு பறிபோகும் என்பது துறையின் அச்சம். அரிய செடி ஒன்றைப் பொறுத்தவரை அவ்வச்சத்தை அடியோடு தள்ளிவிடவும் இயலாது. எனினும் விளைவு நகைப்புக்குரியது. அரசின் ஒரு கை மருந்தைக் கண்டு உரிமம் வழங்கிற்று. மற்றொரு கை இலையைப் பறிக்காதே என்றது. இலையின்றி உற்பத்தி பெருகவில்லை; உற்பத்தி பெருகாமல் உரிமைத்தொகையும் பெருகவில்லை. இதற்கிடையே அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்னும் பெயரையே அந்நாட்டில் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. பெயரைக் கடல் கடந்து காக்க வேண்டும் என்பது இங்கே எவருக்கும் உரிய காலத்தில் தோன்றவில்லை.

இக்கதையை வைத்துக்கொண்டு நாட்டின் கொள்கையைப் பார்த்தால் ஓர் இடைவெளி தெளிவாகிறது. அமெரிக்கா 1980இல் பே-டோல் சட்டம் இயற்றிற்று. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே உடைமையாக்கிக்கொண்டு, தொழில் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க அது வழிசெய்தது. வளரும் நாடுகள் பலவும் அதனைப் பின்பற்ற விரும்பின. இந்தியாவிலும் 2008 டிசம்பரில் அத்தகைய மசோதா ஒன்று மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. 2014இல் திரும்பப் பெறப்பட்டது. வருவாயில் குறைந்தது 30 விழுக்காடு படைப்பாளருக்கு உரியது என்று அது கூறிற்று. அங்கே படைப்பாளர் என்பவர் ஆய்வாளர். ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்லும் கைமாற்றத்தை அம்மசோதா நுணுக்கமாக வகுத்தது. காட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த முதற் கைமாற்றம் அதன் பார்வையில் படவில்லை. அதற்கு ஆவணம் இல்லை, கையொப்பம் இல்லை, மலைப்பாதையில் நிகழ்ந்த ஓர் உரையாடல் மட்டுமே உண்டு.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் அறிவைப் படைத்தோரையும் காத்து வைத்திருப்போரையும் பயனுக்கு உரியவராக ஏற்றது உண்மை. ஆனால் நடைமுறையில் எழுத்துக்கு இருக்கும் வலிமை வாய்மொழிக்கு இல்லை. மஞ்சளின் காயமாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டதற்குக் காரணம், முன்பே அச்சேறியிருந்த எழுத்துச் சான்றுகள். 2001இல் தொடங்கிய மரபறிவு எண்மின் நூலகமும் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நூல்களைத்தான் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய 5 மொழிகளில் காப்புரிமை அலுவலர் படிக்கும்படி செய்தது. சித்தர் பாடலாக ஏட்டில் ஏறியது அங்கே சான்றாகிறது. பிலாத்தியின் நாவில் இருப்பது சான்றாவதில்லை. சான்றாக்குவதற்காக எழுதி வெளியிட்டுவிட்டால், அது மறைபொருள் என்னும் தன்மையை இழந்து எவரும் எடுத்தாளும் பொதுப்பொருளாகிவிடுகிறது. இவ்விரு முனைகளுக்கும் இடையே காணிகள் நிற்கின்றனர். மரபறிவின் அடிப்படையில் காப்புரிமை கேட்போர், அவ்வறிவை அளித்த பழங்குடியினரைக் குறிப்பிட வேண்டும் என்னும் உலக உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. மலைப்பாதை உரையாடல் நிகழ்ந்து அதற்குள் 36 ஆண்டுகள் கடந்துவிட்டன.

தமிழர் அவையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிரஸ்டின் பெயர் 'கேரள' என்னும் அடைமொழியோடு தொடங்குகிறது. மலையின் கிழக்குச் சரிவில், பாபநாசத்துக்கு மேலே உள்ள குடியிருப்புகளிலும் காணிகள் வாழ்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டக் காடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களிடையே கொள்வினை கொடுப்பினைக்கு மாநில எல்லை தடையாக இருந்ததில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அவ்வெல்லை தாளில் வந்து விழுந்தது. தமிழகத்துக் காணிகள் அதற்கு வெளியே நின்றனர்.