பழம்புத்தக வணிகர் இருவர் துலக்கிய மர்மம்

மர்மக் கதைகளில் ஒரு தனி வகை உண்டு. அதில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை அதிகம் கேட்பதில்லை. இரத்தமும் மிகுதியாகச் சிந்துவதில்லை. ஒரு சிற்றூர், ஒரு தேவாலயம், ஒரு தபாற் கந்தோர், எல்லோரையும் எல்லோரும் அறிந்த நாலைந்து தெருக்கள்: இவ்வளவே அரங்கம். துப்பறிபவரும் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர். அகாதா கிறிஸ்தி அம்மையார் 1930 இல் வெளியிட்ட ‘பாதிரியார் மனைக் கொலை’ என்னும் நவீனத்தில் அப்பணியைச் செய்பவர், செயின்ற் மேரி மீட் என்னும் கற்பனைக் கிராமத்திலே பூந்தோட்டம் பேணியிருக்கும் மிஸ் மார்ப்பிள் என்ற முதிய மாது. நம்மில் பலர் அவரை நன்கறிவோம்.

இவ்வகைக் கதைகளில் அண்மைக் காலத்தே செல்வாக்குப் பெற்ற துப்பறிவாளர் ஒருவர் பழம்பொருள் வணிகர். ஜோன் கிராண்ட் என்னும் வைத்தியர் ஜொனதன் காஷ் என்ற புனைபெயரில் 1977 இல் தொடங்கி எழுதிய கதைகளிலே, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வாழும் லவ்ஜோய் என்பவன் அத்தகையவன். சிறிது ஏமாற்றுக்காரன், ஆனால் உண்மையான பழம்பொருளைக் கண்டதும் அவன் நெஞ்சம் தானே அதனை உணர்ந்துவிடும் என்று ஆசிரியர் கூறுவார். நெஞ்சம் உணரும் என்பதை நான் நம்புவதில்லை. கண் உணரும் என்பதை நம்புகிறேன். நாற்காலியைக் கவிழ்த்து அடிப்புறத்து வாள்தடத்தைப் பார்ப்பவனும், வெள்ளிக் கிண்ணத்தின் முத்திரைகளைப் படிப்பவனும் துப்பறியும் தொழிலைத்தானே நாள்தோறும் செய்கின்றனர்? பொருள் தன் வயதைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலத்தை அவர்கள் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

இன்று நான் உங்களுக்குக் கூறவிருப்பது கற்பனைக் கதையன்று. 1934 ஆம் ஆண்டிலே இலண்டனில் பழம்புத்தக வணிகர் இருவர் உண்மையாகவே துலக்கிய ஒரு மர்மம். கொலையில்லை, ஆயினும் ஒரு பெரிய மனிதரின் நற்பெயர் அதில் மாண்டது.

எலிசபெத் பரட் என்னும் கவிஞரும் ரொபேட் பிறவுணிங் என்னும் கவிஞரும் 1846 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், மணமகளின் தந்தையார் அறியாமல் விவாகம் செய்துகொண்டு இத்தாலி நாட்டுக்குச் சென்றனர். காதல் நாட்களில் எலிசபெத் தம் உள்ளத்தைத் திறந்து எழுதிய கவிதைகளே ‘போர்த்துக்கேயப் பெண்ணின் சொனெட்டுகள்’ எனப் பெயர் பெற்றவை. அவை 1850 இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதியிலே முதன்முதல் அச்சாயின என்றே உலகம் எண்ணியிருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஒரு சிறு நூல் வெளிப்பட்டது. ‘றெடிங், 1847, வெளியீட்டுக்கன்று’ என்ற பொருள்பட முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது. அதற்கொரு கதையும் உடன் வந்தது. பீசா நகரிலே ஒரு காலைப் பொழுதில் மனைவி அக்கவிதைகளைக் கணவரின் சட்டைப் பையில் இட்டு ஓடிவிட்டாராம். பின்னர் அவை இங்கிலாந்திலிருந்த தோழி மிற்ஃபட் அம்மையாருக்கு அனுப்பப்பட்டனவாம். அவர் அவற்றைச் சிலருக்காக மட்டும் றெடிங் நகரில் அச்சிடுவித்தாராம்.

மிற்ஃபட் அம்மையார் யார்? றெடிங் நகருக்கு அண்மையிலுள்ள திரீ மைல் குறொஸ் என்னும் கிராமத்தில் வாழ்ந்து, அக்கிராமத்து வாழ்க்கையையே ‘எங்கள் கிராமம்’ என்ற நூலாக எழுதிப் புகழ் பெற்றவர். மர்மக் கதை எழுதுவோர் விரும்பும் அமைதியான ஆங்கிலச் சிற்றூரை இலக்கியத்தில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர் அவர். அவர் பெயரைச் சேர்த்ததும் கதைக்கு எத்துணை நம்பகம் ஏற்பட்டுவிட்டது பாருங்கள்! அவரோ 1855 இல் காலமானவர். எதிர்த்துச் சொல்ல அவர் இல்லை.

அரிய நூல் சேகரிப்போர் அச்சிறு நூலுக்கு மிகுந்த விலை கொடுத்தனர். அதனோடு தெனிசன், சுவின்பேண், ரஸ்கின், ஜோர்ஜ் எலியட் முதலிய பலருடைய ‘முதற் பதிப்பு’ச் சிறு நூல்களும் சந்தையில் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றுக்கெல்லாம் சான்று பகர்ந்தவர் தோமஸ் ஜேம்ஸ் வைஸ் என்பவர். வாசனைத் தைலங்கள் விற்கும் ஒரு நிறுவனத்திலே லிகிதராகத் தொடங்கி, செல்வம் ஈட்டி, ‘ஆஷ்லி நூலகம்’ என்னும் பெரும் நூல்நிலையத்தைத் திரட்டியவர். 1922 தொடக்கம் 1924 வரை நூலியற் சங்கத்தின் தலைவராயிருந்தவர். ஒக்ஸ்போட் சர்வகலாசாலை கௌரவப் பட்டமளித்துப் பாராட்டியவர். எந்த நூல் எப்பதிப்பு என்பதில் அவர் சொன்னதே முடிந்த முடிபு.

ஜோன் காட்டர், கிறஹாம் பொலாட் என்னும் இருவர் இலண்டனில் பழம்புத்தக வாணிபம் செய்த இளைஞர்; முப்பது வயதை ஒட்டியவர்கள். இருவருக்கும் இச்சிறு நூல்களைப் பற்றி ஐயம் பிறந்தது. அவர்கள் முதலிற் கவனித்தது, அங்கு இருந்ததை அன்று, இல்லாததை. ஷெர்லொக் ஹோம்ஸ் கதையொன்றிலே இரவில் நாய் குரைக்கவில்லை என்பதே துப்பாக அமைந்தது நினைவிருக்கலாம். இங்கும் அப்படியே. 1847 இல் நண்பர்களுக்காக அச்சிட்ட நூலாயின் ஏதாவது ஒரு பிரதியிலாவது ‘இன்னாருக்கு அன்புடன்’ என்ற கையெழுத்து இருக்க வேண்டாமா? ஒன்றிலும் இல்லை. பழைய சொந்தக்காரர் எவருடைய பெயரும் இல்லை. கடிதங்களில் அதைப் பற்றிய பேச்சு இல்லை. பழைய ஏலப் பட்டியல்களில் அதன் சுவடே இல்லை. பிரதிகளெல்லாம் ஓரம் வெட்டப்படாமல், கைபடாமல், நேற்று அச்சிட்டவை போலப் புத்தம் புதிதாக இருந்தன. ஐம்பது ஆண்டு ஒருவரும் தொடாத காதற் கவிதைகளா?

கவிஞரின் கடிதங்களோ வேறொரு கதையைச் சொல்லின. மனைவி அக்கவிதைகளைக் கணவருக்கு முதன்முதல் காட்டியது 1849 இல், பாஞ்ஞி டி லூக்கா என்னும் இடத்தில். கணவரே காணாத கவிதைகள் அதற்கு இரண்டாண்டு முன்னரே றெடிங் நகரில் அச்சேறியது எங்ஙனம்?

இவையாவும் ஐயத்துக்கு இடம் தருவனவே அன்றி நிரூபணம் ஆகா. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலை இனித்தான் வந்தது. அவர்கள் கடதாசியின் சிறு துண்டுகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினர். நேயர்களே, இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். முற்காலத்தில் இங்கிலாந்திலே கடதாசி கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. வாசிப்போர் தொகை பெருகக் கந்தை போதவில்லை. ஆகவே 1861 அளவில் எஸ்பாட்டோ என்னும் ஒருவகைப் புல் பயன்படலாயிற்று. இரசாயன முறையிற் பதப்படுத்திய மரக்கூழ் 1874 அளவில்தான் வழக்கத்துக்கு வந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் இவற்றின் நார்கள் வெவ்வேறாகத் தெரியும். ‘1847’ என்று முகப்பிற் பொறித்த நூலின் கடதாசியிலே காணப்பட்டது இரசாயன மரக்கூழ்! அக்கடதாசி உண்டாவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே அதில் அச்சடித்தது போலாயிற்று.

அடுத்தது அச்செழுத்து. ஆங்கிலத்து எஃப், ஜே ஆகிய எழுத்துகளின் வளைந்த நுனி, பழைய வார்ப்புகளிலே உலோக உடலுக்கு வெளியே நீண்டு நிற்கும். அதனால் எளிதில் முறியும். அவ்வாறு நீளாதபடி திருத்திய வார்ப்பு 1880 ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்தது. பொய்ச் சிறு நூல்களிற் பலவற்றில் இருந்தது இந்தத் திருத்திய எழுத்தே. அதிலும் கேள்விக்குறி மாத்திரம் வேறொரு வார்ப்பிலிருந்து வந்து கலந்திருந்தது. அத்தகைய கலப்பெழுத்து எல்லா அச்சகத்திலும் இருக்கமுடியாது. தேடிக்கொண்டிருந்தவர்களின் கையில் மத்தியூ ஆர்னல்டின் இளமைக் கவிதையொன்றின் மறுபதிப்பு அகப்பட்டது. 1893 இல் அச்சானது. அதே எழுத்து, அதே கேள்விக்குறி. அச்சகத்தின் பெயர் ஒளிவுமறைவின்றிப் பொறிக்கப்பட்டிருந்தது: றிச்சட் கிளே நிறுவனம். அந்த மறுபதிப்பைச் செய்வித்தவர் யாரென்று பார்த்தால், தோமஸ் ஜேம்ஸ் வைஸ்.

அச்சகத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. பழைய நூல்களை முகப்போடும் ஆண்டோடும் அப்படியே மறுபதிப்பாக வெளியிடும் வேலையை வைஸ் அவர்களிடம் நெடுநாளாகக் கொடுத்து வந்தார். பழைய ஆண்டைப் பொறிப்பது அவர்களுக்குப் புதிதன்று.

இதிலுள்ள தந்திரத்தை நான் வியக்காமலிருக்க முடியவில்லை. பொய் நாணயம் அடிப்பவன் மெய் நாணயத்தைப் பார்த்து அடிக்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அகப்பட்டுக்கொள்வான். இங்கே பக்கத்தில் வைக்க மெய்ப் பிரதியே இல்லை. என்றுமே இல்லாதிருந்த ஒரு பதிப்பைப் படைத்து, ஒரு பிரதியை பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்து, தாமே எழுதிய நூற்பட்டியலில் அதனைச் சேர்த்துவிட்டால் போதும். சான்றும் அவரே, சான்றுக்குச் சான்றும் அவரே.

இருவருடைய விசாரணை ஹேபட் கோர்ஃபின் என்னும் புத்தக வணிகரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் சிறு வயதில் வைஸின் கந்தோரில் ஏவற்பையனாக இருந்தவர். பின்னர் சிறு கடை வைத்து, வைஸிடமிருந்தே இந்நூல்களின் எஞ்சிய பிரதிகளைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கி, மெய்யென நம்பி ஒவ்வொன்றாக விற்று வந்தார். தம் இருப்பில் பெரும்பகுதி குப்பையென்று அவர் அறிந்த நாளை எண்ணிப் பாருங்கள். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். செய்தி எட்டியதும் வைஸ் அவரிடம் சென்று, பிரதிகளைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், அவை ஹரி பக்ஸ்டன் ஃபோமன் என்பவரிடமிருந்து வந்தவை என்று கூறவேண்டும் என்றும் கேட்டார். ஃபோமன் 1917 இல் இறந்த நூலறிஞர். பிரதிகளைத் திருப்பிக் கொடுக்கக் கோர்ஃபின் உடன்பட்டார். பொய் சொல்ல உடன்படவில்லை. இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் துப்பறிந்த இருவருமல்லர். பழைய எசமானின் முன்னே நின்று மறுத்த இவரே.

1934 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் காட்டரும் பொலாட்டும் தம் நூலை வெளியிட்டனர். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறு நூல்கள் சிலவற்றின் தன்மை பற்றிய ஒரு விசாரணை’ என்பது அதன் பெயர்; பிரேத பரிசோதனை அறிக்கை போலச் சுவையற்ற பெயர். உள்ளேயும் ‘வைஸ்தான் குற்றவாளி’ என்று எங்கும் எழுதவில்லை. மானநட்டச் சட்டம் தலைக்கு மேலே தொங்கியது. உண்மைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்தனர். கடைசிப் பக்கத்தை மூடும்போது வாசகருக்கு ஒரு பெயர் மட்டுமே மிஞ்சியது.

வைஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தம்மிடமிருந்த பிரதிகள் ஃபோமனிடமிருந்து பெற்றவை என்றார். ஆனால் 1918 இல் தாமே அச்சிட்ட நூற்பட்டியலிலே, றெடிங் சொனெட்டுகளை மிற்ஃபட் அம்மையாரின் நண்பராகிய பெனெற் என்பவரிடம் வாங்கினேன் என விரிவாக எழுதியிருந்தாரே! அந்தப் பெனெற்றும் எப்போதோ காலமானவர். இருவரும் இறந்தவர்கள், இருவரும் ஒரே நூலைக் கொடுத்திருக்க முடியாது. அதன் பின் உடல்நலக் குறைவைக் காட்டி அவர் மௌனமானார். 1937 மே மாதத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே இறந்தார்.

பின்னர் வெளிவந்தவை சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். ஃபோமனின் பெயரை வைஸ் இழுத்தது முழுப் பொய்யன்று. 1945 இல் வெளியான கடிதமொன்று, ஃபோமனும் அத்தொழிலிற் பங்காளியே என்று காட்டியது. 1959 இல் டேவிட் ஃபொக்ஸன் என்னும் அறிஞர் இன்னுமொன்றைக் கண்டார். பிரித்தானிய நூதனசாலையிலிருந்த பழைய நாடக நூல்களில் இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பல, வைஸ் தம் குறைப் பிரதிகளை நிறைவாக்கச் செருகியவை. பொய்ப் பதிப்பை ஒருவாறு குறும்பு என்று சொல்லிச் சிரிப்பவர்கூட இதனை மன்னிக்க மாட்டார்.

வைஸ் இறந்த ஆண்டிலேயே ஆஷ்லி நூலகத்தை அந்த நூதனசாலை அறுபத்தாறாயிரம் பவுணுக்கு வாங்கியது. கிழிந்த தாள்கள், அவை பறிபோன இடத்துக்கே அவ்வகையில் விலை பெற்றுத் திரும்பின. றெடிங் சொனெட்டுகளின் பிரதிகளையும் சேகரிப்போர் கைவிடவில்லை. புகழ்பெற்ற பொய் என்று தெரிந்தே அவற்றைத் தேடி வாங்கினர். இப்பொழுதும் அரிய நூல் வணிகர் பட்டியல்களில் அவை இடம்பெறுகின்றன, வைஸின் பெயருடன்.