கோல் காட்டும் வழி



பார்வையற்ற பிள்ளை வளரும் இல்லத்தில் அன்புக்குக் குறைவிருப்பதில்லை. தாய் கைப்பிடித்து முற்றத்திற்கு அழைத்துச் செல்கிறாள். தமையன் தோள்பற்றிப் பள்ளிக்குக் கூட்டிச் செல்கிறான். பாட்டியோ, “நீ எழுந்திருக்க வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன்” என்கிறாள். ஆயினும், இருபது வயதிலும் அப்பிள்ளை தெருமுனைக் கடைவரை தனியே சென்றறியாதாயின், அவ்வன்பு கொடுத்தது எது, பறித்தது எது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பறிபோனதை மீட்டுத் தருவதே திசையறிதல், நடமாட்டப் பயிற்சி.

இப்பயிற்சியின் இன்றைய வடிவம் போரின் துயரிலிருந்து தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த அமெரிக்க வீரர் பலர் பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்றனர். அங்கு 1944ஆம் ஆண்டில் பணியாற்றியவர் ரிச்சர்டு ஹூவர். அவர் போருக்கு முன் மேரிலாந்துப் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக விளங்கியவர். அந்நாளைய கைத்தடி உடலைத் தாங்க உதவியதேயன்றி வழியை ஆராய உதவவில்லை என்பதை அவர் கண்டார். நீளமும் எடைக்குறைவும் உடைய கோல் ஒன்றை வகுத்தார். தம் கண்களைக் கட்டிக்கொண்டு அதனுடன் நடந்து பார்த்தார். கற்பிக்க வந்தவர் முதலில் தாமே இருளில் நடந்தது ஆசிரியர் உலகம் போற்றத்தக்க செய்தியாகும்.

1948இல் இல்லினாய் மாநிலத்து ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வையற்ற படைவீரர்க்கென மறுவாழ்வு மையம் திறக்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் ரசல் வில்லியம்ஸ், போரில் தம் பார்வையை இழந்தவர். வழிநடத்தப்பட வேண்டியவர் என உலகம் கருதிய ஒருவர், பிறரை வழிநடத்துபவராக உயர்ந்தார்.

கோலைக் கையாளும் முறை எளியது, எனினும் நுட்பமானது. உடலின் நடுவே கோலைப் பிடித்து, மணிக்கட்டின் அசைவால் அதன் நுனியைத் தோளகலத்திற்குச் சற்று மிகுதியாக இடமும் வலமும் தொடச் செய்தல் வேண்டும். வலக்கால் முன்செல்லும்போது நுனி இடப்புறம் தொடும். இடக்கால் செல்லும்போது வலப்புறம் தொடும். இவ்வாறு, அடுத்த காலடி விழவேண்டிய இடத்தைக் கோல் முன்னரே சோதித்துவிடுகிறது. பள்ளமோ படியோ கல்லோ, எதுவாயினும் கால் உணருமுன் கை உணர்ந்துகொள்ளும்.

இது பயிற்சியின் ஒரு பாதியே. தான் நிற்கும் இடம் எது, செல்லும் இடம் எது, அவற்றுக்கிடையே வழி எது என மனத்தில் வரைந்துகொள்வது மறுபாதி. காலை வெயில் வலக்கன்னத்தில் பட்டால் முகம் வடக்கு நோக்கியுள்ளது. ஊர்திகளின் ஒலி சாலையின் போக்கைச் சொல்லும். மாவு அரைக்கும் ஆலையின் ஓசையும் பூக்கடையின் மணமும் இடத்தை உணர்த்தும். ஆயின், விடுமுறை நாளில் ஆலை ஒலிக்காது. திருப்பத்திலுள்ள கற்படியோ என்றும் அங்கேயே இருக்கும். மாறும் குறியையும் மாறாத குறியையும் பிரித்தறிய மாணவர் கற்கின்றனர். வீட்டிலும் பள்ளியிலும் தொடங்கும் பாடம், தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் படிப்படியாக விரிகிறது. தொடக்கத்தில் அருகில் நடக்கும் ஆசிரியர், மாணவர் தேறத் தேற விலகிப் பின்னால் வருகிறார்.

இதில் குடும்பத்தார்க்கும் கடமை உண்டு. பார்வையற்றவரைப் பிடித்துத் தள்ளியும் இழுத்தும் செல்லுதல் தகாது. உதவி வேண்டுமா எனக் கேட்டு, அவர் வேண்டினால் கையை நீட்டுதல் வேண்டும். அவர் முழங்கைக்குச் சற்று மேலே பற்றி, அரையடி பின்னால் நடந்து வருவார். “அதோ அங்கே” என்னாது, “உன் இடப்புறம் மூன்றடியில்” எனக் கூறுதல் நலம். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிட வேண்டும். கதவைப் பாதி திறந்து வைத்தலாகாது.

ஊராரின் கடமையும் சிறிதன்று. 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்இச்சி மியாக்கே என்பார் அமைத்த புடைப்புக் கற்களே, இன்று சென்னை மெட்ரோ நிலையங்களிலும் மஞ்சள் நிறத்தில் காணப்படுபவை. கோலும் காலும் தொட்டறியும் பாதை அது. அத்தகைய பாதையில் வண்டியை நிறுத்துபவர், ஒருவரது வழியையே அடைத்துவிடுகிறார்.

பிள்ளை எங்கேனும் மோதிக்கொள்ளுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்திற்கு மருந்து முறையான பயிற்சியே, பூட்டிய கதவன்று. பெற்றோர் கை என்றும் உடன்வர இயலாது. தாய் தன் பிடியைத் தளர்த்தி வாயிலில் நிற்க, பிள்ளை கோலூன்றித் தெருமுனைவரை சென்று, வாங்கிய பொருளோடு திரும்பி வரும் நாள் ஒவ்வோர் இல்லத்திலும் வாய்த்தல் வேண்டும். அந்நாளுக்காகத் தாயும் பயிற்சி பெறுதல் நன்று.