தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேயிலைத் தோட்ட வேலையை நாடிப் போடி, குரங்கணி வழியாக மலையேறி வந்த நம் முன்னோர் தலையில் சுமந்த மூட்டை சிறிது. நெஞ்சில் சுமந்து வந்த பாட்டுச் செல்வமோ பெரிது. அவருள் கிறித்தவக் குடும்பத்தார் கொணர்ந்த கீர்த்தனைகள் பலவற்றை இயற்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். எச்சமயத்தாராயினும் தமிழர் அனைவரும் அறியத் தக்க அப்புலவரைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

அவர் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அவ்வையரிடம் பயின்றவரே. சாஸ்திரியார் தரங்கம்பாடியிலும் கற்றுத் தேர்ந்து, தஞ்சையில் பள்ளித் தலைமை ஆசிரியராய் அமர்ந்தார். 1798இல் அரியணை ஏறிய சரபோஜி, சமயத்தால் வேறுபட்டவராயினும் அவர் புலமையைப் போற்றி ஆதரித்தார்.

சாஸ்திரியாரின் பெருஞ்செயல் யாது? ஐரோப்பியர் தந்த சமயத்தைத் தமிழ் மண்ணின் இசையிலும் கூத்திலும் பாடியதே அது. ஏற்றம் இறைப்போர் பாடும் ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம், உலா, அந்தாதி, மாலை என நம் மக்கள் அறிந்த வடிவங்களை எல்லாம் எடுத்தாண்டார். ‘பெத்தலகேம் குறவஞ்சி’ அவற்றுள் புகழ் மிக்கது. குறவஞ்சி என்பது மலைமகளாகிய குறத்தி தன் மலையின் வளம் பாடிக் குறி சொல்லும் நாடகம்; மலைவாழ் மக்களாகிய நமக்கு அயலானதன்று. கதிரவனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றுவதாகக் கூறும் புதிய வானநூற் செய்தியையும் அந்நூலில் அவர் சேர்த்துப் பாடினார். எழுத்தறியாதாரும் கேட்டே கற்கப் பாட்டே பள்ளியாயிற்று.

புகழ்வதோடு நின்றால் உரை நேர்மையுடையதாகாது. திருக்கோவிலில் சாதியால் பிரிந்து அமரும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென இளைய மிஷனரிமார் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். அப்பூசலின் விளைவாக 1829இல் தம் பணியை இழந்தார். சாதி வேற்றுமையைச் சபையில் அறவே விலக்க வேண்டுமென்று 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் கட்டளையிட்டார். சாஸ்திரியார் 1864இல் மறைந்தார்.

ஆயினும் வரலாற்றின் போக்கைக் காணுங்கள்! மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அத்தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல இடம்பெற்றன. சாதி வேற்றுமையைச் சபையில் ஏற்காத மிஷன் அது. அதன் வழியே அப்பாடல்கள் சிற்றூர்தோறும் பரவின. உடன் அமரத் தகாதவர் என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்ட மக்களும் அவற்றைத் தமவாக்கிக் கொண்டனர். அவர்தம் வழியினர் பலர் இம்மலைகளில் கொழுந்து கிள்ளினர். மாலையில் அப்பாடல்களைப் பாடினர். புலவர் வரைந்த எல்லையைப் பாட்டுக் கடந்தது. பாடியவர் வாழ்வினால் அது மேலும் உயர்ந்தது.

அன்பர்களே! 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நம் தேவிகுளம் கேரளத்தோடு இணைந்தது. தமிழைப் பள்ளியில் கல்லாது வளரும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். அவர்க்கு மொழியைத் தருவது நம் கடமை. தேவாரமாயினும், கீர்த்தனையாயினும், தாலாட்டாயினும், பொருள் சொல்லி ஒரு பாட்டை வாரந்தோறும் வீட்டில் கற்பியுங்கள். பாட்டனுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாமற் போனால், மலையேறி வந்த செல்வம் நம் காலத்தில் அழிந்ததாகும்.

கற்பிக்கும்போது பிள்ளைகளை ஒரே பாயில் அமர வையுங்கள். அப்புலவரிடமிருந்து பாட்டைக் கொள்வோம். அவர் விடமாட்டாததை நாம் விடுவோம்.