நண்பனிடம் சொல்லாத சொல்



இதிகாச புராணங்களில் நட்பும் அதிகாரமும் கடமையும் எதிர்ப்படும் இடங்களை ஆராய்வதற்காக நாம் இரண்டு நாள் கூடியிருக்கிறோம். தலைமை தாங்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பின்னே வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளுக்கு முன்னோட்டம் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நெடுநாள் என்னை விடாத கேள்வி ஒன்றை அவைமுன் வைக்கிறேன். அது ஏட்டைப் படித்து எனக்குள் எழுந்த கேள்வி அன்று. படுகளத்தில் கேட்டது.

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும். கர்ண மோட்சம் ஓர் இரவு, பதினெட்டாம் போர் மறு இரவு. விடிந்தால் படுகளம்: கோயில் திடலில் மண்ணைக் குழைத்து, பத்துப் பதினைந்து ஆள் நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வண்ணப் பொடி தூவிய மார்பு, உருட்டிய விழி, முறுக்கிய மீசை. தொடைக்குள் குங்குமம் கரைத்த கலயம் புதைந்திருக்கும். வீமன் வேடக்காரர் அதை உடைக்கும் கணத்துக்காகச் சிறுவர்களாகிய நாங்கள் முட்டி மோதி நின்றோம். கர்ணன் விழுந்த இரவு முழுவதும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் ஆயா, அந்த மண்ணுருவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கூடவே இருந்தானே கர்ணன், ஒரு வார்த்த எடுத்துச் சொல்லக் கூடாதா?”

எழுத்தறியாத அந்த மூதாட்டியின் கேள்விக்கு ஐம்பது ஆண்டுப் படிப்பும் எனக்கு முழு விடை தரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தால் பாரதம் வேறு வகையில் திறக்கிறது.

கர்ணன், துரியோதனன் நட்பு எங்கே தொடங்கியது? அத்தினாபுரத்து அரங்கத்தில். அருச்சுனனுக்கு எதிரே நின்ற இளைஞனிடம் கிருபர் குலம் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. அந்த நொடியிலேயே துரியோதனன் அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறான். இன்றைய பீகாரின் பாகல்பூர்ப் பகுதி அது. இதற்கு நான் என்ன திருப்பித் தருவது என்று கர்ணன் கேட்க, எல்லையற்ற நட்பு ஒன்றே போதும் என்கிறான் துரியோதனன். உடனே தேரோட்டி அதிரதன் தள்ளாடியபடி அரங்கத்துக்குள் வருகிறான். அபிடேக நீர் சொட்டும் தலையோடு கர்ணன் அவன் காலில் விழுகிறான். மகனின் முடிசூடிய தலை தன் பாதத்தில் படலாகாது என்று கிழவன் ஆடையால் காலை மூடிக்கொள்கிறான். பிறகு அணைத்துக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த தலையைத் தன் கண்ணீரால் மறுபடி நனைக்கிறான். வியாசர் அதே இடத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். கர்ணனைப் பெற்றதும் அருச்சுனனைப் பற்றிய அச்சம் துரியோதனனை விட்டு நீங்கியது. அன்பும் தேவையும் ஒரே கலசத்து நீராய்க் கர்ணன் தலையில் விழுந்தன. அந்த நட்பின் பிறப்பிலேயே அதிகாரம் கலந்திருந்தது.

துரியோதனனின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. தமிழர் எல்லோருக்கும் தெரிந்த முத்துக் காட்சி அதற்குச் சான்று. கர்ணனோடு இருந்த துரியோதனன் மனைவி பானுமதியின் மேகலை அறுந்து மணிகள் சிதற, உள்ளே வந்த கணவன் ஐயமே இன்றி, பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்டான். புனேயில் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுற்ற பண்டார்கர் நிறுவனச் செம்பதிப்பில் இந்தக் காட்சி இல்லை. தமிழில் பாரதம் இயற்றிய வில்லிபுத்தூரார் அதைப் பாடினார். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, கன்னடத்தின் ஆதிகவி பம்பர் 941-இல் இயற்றிய விக்கிரமார்ச்சுன விசயத்தில் சிதறிய முத்து வந்துவிட்டது. அங்கே பானுமதியின் சூதாட்டம் உண்டு. வில்லியின் அந்தப் பாட்டிலோ ஆட்டப் பலகையே கிடையாது. தனித்த இடமும் அறுந்த மேகலையும்தான். நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த சொக்கட்டானை 1964-இல் பந்துலுவின் ‘கர்ணன்’ திரைப்படம் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதைக் கர்ணன் யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். பம்பரில் கண்ணனிடம், வில்லியில் குந்தியிடம். இரண்டிலும் அணி மாற அழைத்தவர்களுக்கு அவன் தரும் மறுமொழி அது. ‘என்னை அவ்வளவு நம்பியவனை எப்படி விடுவேன்’ என்பதுதான் அதன் பொருள். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லுக்குத் தமிழ் நெஞ்சில் இருக்கும் கனம் இந்த இடத்தில் பிறந்தது.

இனி வியாசரின் உத்தியோக பருவத்துக்கு வருவோம். தூது முறிந்து ஊர் திரும்பும் கண்ணன், கர்ணனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு பிறப்பின் உண்மையைச் சொல்கிறான். கர்ணன் அசையவில்லை. அங்கே அவன் கூறும் மூன்று செய்திகளை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முதலாவது, இந்த உண்மையைத் தருமனிடம் சொல்லாதே. அறிந்தால் அவன் அரசை எனக்குத் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குத் தந்துவிடுவேன். இரண்டாவது, வரப்போகும் போர் ஒரு வேள்வி, அதில் கௌரவர் அழிவது உறுதி. மூன்றாவது, துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவர்களை நான் கடுமொழி பேசினேன். அந்தச் செயல் இன்று என்னை வாட்டுகிறது. இவற்றைச் சொல்லி, கண்ணனைத் தழுவிக்கொண்டு, தேரிலிருந்து இறங்கித் தன் தேரேறித் திரும்புகிறான்.

தோற்கப்போகிறோம் என்ற உண்மையையும், செய்தது தவறு என்ற உண்மையையும் கர்ணன் எதிரணித் தூதனிடம் சொன்னான். யாருக்காக உயிரைத் தர இருந்தானோ, அந்த நண்பனிடம் சொன்னதாக வியாச பாரதத்தில் இடமில்லை. ஆயாவின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. உயிரைக் கொடுக்க முடிந்தவனால் ஒரு சொல்லைக் கொடுக்க முடியாமல் போனது ஏன்?

பெற்ற முடிதான் அவன் வாயைக் கட்டியது என்று நான் கருதுகிறேன். கொடுத்தவனிடம் வாங்கியவன் கசப்பைச் சொன்னால் அது நன்றிகேடாகிவிடுமோ என்ற அச்சம் அது. சூதவையை நினைத்துப் பாருங்கள். திரௌபதிக்கு நேர்ந்த கொடுமையைத் தவறு என்று எழுந்து சொன்னவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். அவனை அதட்டி உட்காரவைத்தவன் கர்ணன். விகர்ணனும் கடைசிவரை அண்ணன் பக்கமே நின்று போரிட்டு மடிந்தான். பக்கம் மாறாமலே உண்மை பேச முடியும் என்பதற்கு அவனே சான்று. பதினேழாம் நாள், துச்சாதனன் வீழ்ந்த பிறகு, துரியோதனன் கையைப் பற்றிச் சமாதானம் செய்துகொள் என்று மன்றாடியவன் அசுவத்தாமன். சொல் அப்போதுதான் வந்தது. கேட்கும் காலம் கடந்துவிட்டது. அன்றே கர்ணனும் வீழ்ந்தான்.

அந்த அசுவத்தாமனின் தந்தை கதையும் நட்பு முறிந்த கதைதான். குழந்தை பாலுக்கு அழ, மாவு கரைத்த நீரைப் பாலென்று குடித்துக் கூத்தாடிய வறுமையில், துரோணர் பழைய தோழன் துருபதனைத் தேடிப் போனார். அரசனுக்கும் ஏழைக்கும் தோழமை ஏது என்றான் துருபதன். துரோணர் மாணவரைக் கொண்டு அவனைச் சிறைபிடித்து, நாட்டைப் பிளந்து, அகிச்சத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட வடபாதியைத் தாம் வைத்துக்கொண்டு, இனி நாம் சமம், நண்பராகலாம் என்றார். சமத்துவத்தை வாளால் அளந்தால் நட்பு திரும்புமா? துருபதனின் வேள்வித் தீயில் திட்டத்துய்மன் பிறந்தான். போரின் பதினைந்தாம் நாள் அவன் கையால் துரோணரின் தலை உருண்டது.

இராமகதை வேறு வழி காட்டுகிறது. தீ வளர்த்து, வலம் வந்து இராமனோடு நட்புப் பூண்ட சுக்கிரீவன், அரியணை கிடைத்ததும் மாரிக்காலம் முடிந்ததைக்கூட மறந்தான். வான்மீகத்தில், இலக்குவன் சினந்து வருமுன்பே, தவணை கடந்துவிட்டது என்று அரசனுக்கு நினைவூட்டியவன் அமைச்சனாகிய அனுமன். இலக்குவனை எதிர்கொள்ளத் தாரை வருகிறாள். வான்மீகி அவளை மது மயக்கத்தில் தளர்ந்த நடையோடு வரவைக்கிறார். கம்பர் அவளை மங்கல அணி நீங்கிய கைம்பெண் கோலத்தில் நிறுத்துகிறார். அந்தக் கோலத்தைக் கண்டதும் அயோத்தியில் கைம்மை பூண்ட தன் தாயரை நினைத்து இலக்குவன் கண் கலங்குகிறான். சினம் வடிகிறது. பிறகு சுக்கிரீவன் கள்ளைக் கடிந்து, தன்னையே நொந்துகொள்கிறான். கடுஞ்சொல் கேட்ட அந்த நட்பு இலங்கை வரை நின்றது. இடித்துச் சொல்ல ஓர் அனுமன் இருந்ததும், கேட்டுத் திருந்த ஒரு சுக்கிரீவன் இருந்ததும்தான் காரணம்.

வள்ளுவர் நட்புக்கு 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். அவற்றை அறத்துப்பாலிலோ காமத்துப்பாலிலோ வைக்காமல், படை, அரண், அமைச்சு இவற்றோடு பொருட்பாலில் வைத்தார். அரசுக்கு வேண்டிய உறுப்புகளில் நட்பையும் ஒன்றாக எண்ணினார். நண்பன் எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதே நட்பின் வேலை என்பது அவர் கொள்கை. அந்த அளவுகோலில் கர்ணன் கொடையில் வென்றான், நட்பில் பாதியில் நின்றுவிட்டான். இதை அவனிடம் பேரன்பு கொண்டவனாகவே சொல்கிறேன்.

நம் காலத்துக் கதைசொல்லிகளும் இந்த இடத்தை உணர்ந்திருக்கிறார்கள். 1991-இல் வந்த ‘தளபதி’ திரைப்படத்தில், எதிரே நிற்கும் ஆட்சியர், கர்ணனின் சாயலில் அமைந்த சூர்யாவின் தம்பி என்பதும், அதை அறிந்தும் சூர்யா தன்னோடுதான் நின்றான் என்பதும், துரியோதனனின் இடத்தில் இருக்கும் நண்பன் தேவாவுக்குத் தெரியவருகிறது. தெரிந்ததும் தேவா சண்டையைக் கைவிடத் துணிகிறான். உண்மை நண்பன் காதுக்குப் போயிருந்தால் குருச்சேத்திரம் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் படம் கேட்டுப் பார்த்தது.

என் வாழ்விலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். உடன் படித்த நண்பர் ஒருவர் உயர் பொறுப்புக்கு வந்தார். எனக்கு நன்மைகள் செய்தார். தகுதியுள்ள ஓர் இளைஞருக்கு அவர் கையெழுத்தால் அநீதி நேர்ந்தபோது, நான் அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அதை விசுவாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சொல்லாத அந்தச் சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது. கர்ணனைத் தீர்ப்பிடும் தகுதியோடு நான் இங்கே நிற்கவில்லை. அவன் மௌனம் எவ்வளவு பாரமானது என்று தெரிந்தவனாக நிற்கிறேன்.

ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்கள் இரண்டு. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று கணக்கெடுத்தது போதும். யார் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார் என்று பாடம்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சேறாத கூத்துப் பனுவல்களையும் பிரசங்கியார்களின் வாய்மொழியையும் இப்போதே பதிவு செய்யுங்கள். படுகளத்து மண்ணுருவம் அன்று மாலையே கரைக்கப்பட்டுவிடும். அதைப் பார்த்து நின்ற கிழவிகள் கேட்ட கேள்விகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியாக, இந்த அரங்கிலும் ஆசிரியர், மாணவர், நெறியாளர், நண்பர் என்று பலர் ஒரே வரிசையில் இருக்கிறோம். பட்டம் தருபவரும் பெறுபவரும் இருக்கிறோம். என் உரையில் பிழை கண்ட மாணவர் எவரேனும் இருந்தால், இந்த இரண்டு நாளுக்குள் எழுந்து சொல்லிவிடுங்கள். உங்களை அதட்டி உட்காரவைக்க இங்கே யாரும் இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.